பத்தொன்பது படிகளும் ஒரு சொல்லும்

லண்டன் மாநகரின் கிழக்குப் பகுதியில் பெத்னல் கிரீன் என்றொரு சுரங்க ரயில் நிலையம் இருக்கிறது. சென்ட்ரல் தடத்தில் லிவர்பூல் ஸ்ட்ரீட்டுக்கும் மைல் எண்டுக்கும் இடைப்பட்ட நிறுத்தம். தரைக்கு மேலே அதற்குக் கட்டடம் என்று சொல்லத்தக்க எதுவும் இல்லை. சாலைச் சந்திப்பின் ஓரங்களில் சில படிக்கட்டுகள் கீழே இறங்குகின்றன, அவ்வளவே. கூட்டமாக வருகிறார்கள், இறங்குகிறார்கள், மறைந்துவிடுகிறார்கள். சுற்றுலாக் கையேடுகளை நம்பி ஊர் பார்க்கிறவர்கள் இங்கு வருவதில்லை.

என் தங்கையின் குடும்பம் ஈஸ்ட் ஹாமில் வசிக்கிறது. ஒரு கோடை விடுமுறையில் அவர்களோடு தங்கியிருந்தபோது, மைல் எண்டில் வண்டி மாறி இந்த நிலையத்தில் இறங்கினேன். ஒரு படிக்கட்டைப் பார்ப்பதற்காக மட்டும் இத்தனை தூரமா என்று மைத்துனர் சிரித்தார். அந்தப் படிக்கட்டைப் பற்றியும், அதன் மீது ஏற்றப்பட்ட ஒரு சொல்லைப் பற்றியும் எழுத வேண்டுமென்று நெடுநாளாக எண்ணம். இலக்கியம் பேசுகிற இடத்தில் ரயில் நிலையத்துக்கு என்ன வேலை என்று கேட்பவர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். வாக்கியங்களைப் பற்றிய கட்டுரைதான் இதுவும்.

முதலில் நிலையத்தின் வரலாறு. லண்டனின் சுரங்க ரயில் வலையைக் கிழக்கே நீட்டுவதற்கான பெருந்திட்டம் 1935இல் வகுக்கப்பட்டது. லிவர்பூல் ஸ்ட்ரீட்டோடு நின்றுபோயிருந்த சென்ட்ரல் தடத்தை ஸ்ட்ராட்ஃபோர்ட் வழியாக அதற்கப்பாலும் கொண்டுசெல்வது அதன் ஒரு பகுதி. 1936இல் வேலை தொடங்கியது. சுரங்கங்கள் குடையப்பட்டன. பெத்னல் கிரீனில் தரைக்குக் கீழே ஏறத்தாழ 80 அடி ஆழத்தில் இரு நடைமேடைகள், அவற்றிலிருந்து மேலேறும் நகரும் படிக்கட்டுகளுக்கான சாய்வான கூடு, அதன் உச்சியில் பயணச்சீட்டு மண்டபம், மண்டபத்திலிருந்து தெருவுக்கு ஏறும் படிகள் என்று அமைப்பு முழுவதும் உருப்பெற்றுவிட்டது. 1939இல் போர் வந்தது. வேலை நின்றது. தண்டவாளம் இடப்படாத, வண்டி ஓடாத ஒரு நிலையம், நகரத்தின் மிக நெருக்கமான ஏழைக் குடியிருப்பு ஒன்றின் அடியில் இருட்டில் காத்திருந்தது.

1940 செப்டம்பரில் லண்டன் மீது ஜெர்மானிய விமானங்களின் இரவுத் தாக்குதல் தொடங்கியது. சுரங்க ரயில் நிலையங்களைப் பதுங்குமிடங்களாகப் பயன்படுத்துவதை அரசு முதலில் விரும்பவில்லை. ஆழத்தில் பதுங்கிப் பழகிய மக்கள் மேலே வந்து வேலை செய்ய மறுத்துவிடுவார்கள் என்ற ஐயம் ஆட்சியாளர்களிடம் இருந்தது. மக்கள் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. மிகக் குறைந்த கட்டணத்துக்கு ஒரு பயணச்சீட்டை வாங்கிக்கொண்டு கீழே இறங்கினார்கள், விடியும்வரை ஏறவில்லை. அரசு இறங்கிவர வேண்டியதாயிற்று. அவ்வாண்டு அக்டோபரில் பெத்னல் கிரீன் நிலையமும் பதுங்குமிடமாகத் திறக்கப்பட்டது. நிர்வாகப் பொறுப்பு உள்ளூர் நகராட்சி மன்றத்திடம் இருந்தது.

ஓவியத்தில் ஈடுபாடுள்ளவர்கள் ஹென்றி மூர் வரைந்த பதுங்குமிடச் சித்திரங்களை அறிவார்கள். குகை போன்ற ஒரு குழாய், அதன் இருமருங்கிலும் கம்பளி போர்த்திய உடல்கள், கண்ணுக்கெட்டாத தூரம்வரை. 1941ஆம் ஆண்டின் அந்தப் புகழ்பெற்ற ஓவியம் லிவர்பூல் ஸ்ட்ரீட் நீட்டிப்புச் சுரங்கத்தைக் காட்டுவது. அதாவது பெத்னல் கிரீனை நோக்கி வருகின்ற, வண்டி ஓடாத இதே தடம். மூரின் உருவங்கள் பிணங்களைப் போலவும் சிற்பங்களைப் போலவும் தோன்றுகின்றன. ஆனால் பெத்னல் கிரீனில் கீழே நடந்தது உயிர்ப்புள்ள வாழ்க்கை. சுமார் 5,000 அடுக்குப் படுக்கைகள் இருந்தன. சிற்றுண்டிச்சாலை, மருத்துவ அறை, குழந்தைகள் காப்பகம், நாடகமும் இசையும் நடத்த ஓர் அரங்கு எல்லாம் இருந்தன. பகுதியின் மைய நூலகம் 1940 செப்டம்பரில் குண்டுவீச்சுக்கு இரையானபின், நூலகர்கள் மறு ஆண்டில் புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு சுரங்கத்துக்குள் இறங்கினார்கள். தண்டவாளத்துக்காக விடப்பட்ட பள்ளத்தின் மீது பலகை பரப்பி ஒரு நூலகம் இயங்கியது. தலைக்கு மேலே ஊர் எரியக் கீழே ஒரு சிறுமி தன் பெயருக்கு நூல் பதிந்து வாங்கிக்கொண்டு படுக்கைக்குப் போயிருப்பாள் என்று எண்ணிப் பார்க்கும்போது, நூலகம் என்ற சொல்லுக்கே வேறொரு கனம் கூடுகிறது.

ஆக, ஆழத்தில் இருந்தவை எல்லாம் சிந்தித்துச் செய்யப்பட்டவை. சிந்திக்கப்படாமல் விடப்பட்டது ஆழத்துக்குப் போகும் வழி.

படிக்கட்டின் அமைப்பைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். வாதம் முழுவதும் அதைச் சார்ந்திருக்கிறது. மக்கள் இறங்குவதற்கென இருந்தது ஒரே வாயில். அதைச் சுற்றி மரத் தடுப்பு. உள்ளே நுழைந்ததும் கீழ்நோக்கி 19 படிகள். ஏறத்தாழ 10 அடி அகலம். படிகளின் அடியில் 15 அடிக்கு 11 அடி அளவில் ஒரு சிறு தளம். அங்கிருந்து வலப்புறம் திரும்பி மேலும் 7 படிகள் இறங்கினால் பயணச்சீட்டு மண்டபம். படிகள் சொரசொரப்பான கான்கிரீட்டால் ஆனவை, விளிம்பில் மரச்சட்டம். 10 அடி அகலத்தின் நடுவில் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி இல்லை. படியின் விளிம்பு இருட்டில் தெரிவதற்கு வெள்ளைப் பூச்சு இல்லை. வெளிச்சத்துக்கு இருந்தது 25 வாட் விளக்கு ஒன்று. அதுவும் போர்க்கால இருட்டடிப்பு விதிக்காகப் பெரும்பகுதி மறைக்கப்பட்டது.

இது ஆபத்தானது என்று யாருக்கும் தோன்றவில்லையா? தோன்றியது. 1941இலேயே நகராட்சியினர் பாதுகாப்புப் பொறுப்பிலிருந்த லண்டன் வட்டார அதிகாரத்துக்கு எழுதினார்கள். நெருக்கடி நேர்ந்தால் வாயிலின் மரத் தடுப்பு கூட்டத்தின் அழுத்தத்தைத் தாங்காது, செங்கல் சுவர் எழுப்ப அனுமதி வேண்டும் என்பது கோரிக்கை. மதிப்பீடு 88 பவுண்டு. வீண் செலவு என்று மறுக்கப்பட்டது. மீண்டும் எழுதினார்கள், மீண்டும் மறுப்பு. நகராட்சியை முற்றிலும் நல்லவராகக் காட்டவும் இயலாது. ஒரு கைப்பிடியையோ ஒரு வாளி வெள்ளைச் சுண்ணாம்பையோ வாங்குவதற்கு எந்த மேலிடத்தின் அனுமதியும் வேண்டியிருக்கவில்லை. கேட்டவர்கள் பாதி கேட்டார்கள். கேட்கப்பட்டவர்கள் அதையும் மறுத்தார்கள்.

1943 மார்ச் 3, புதன்கிழமை. இரு இரவுகளுக்கு முன்பு பிரிட்டிஷ் விமானங்கள் பெர்லினைத் தாக்கியிருந்தன. பதிலடி வரும் என்று கிழக்கு லண்டன் எதிர்பார்த்துக் காத்திருந்தது. மாலை மழை பெய்து ஓய்ந்திருந்தது. இரவு 8.17க்கு அபாயச் சங்கு ஒலித்தது. அடுத்த பத்து நிமிடங்களில் ஏறத்தாழ 1,500 பேர் இந்த ஒற்றை வாயில் வழியாகப் பத்திரமாகக் கீழே போய்ச் சேர்ந்தார்கள். இந்த எண்ணிக்கையை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 8.27 அளவில் அருகிலுள்ள விக்டோரியா பூங்காவிலிருந்து விமான எதிர்ப்பு ராக்கெட்டுகள் ஏவப்பட்டன. அது புதுவகை ஆயுதம். மக்கள் அதுவரை கேட்டிராத பேரோசை. வாயிலில் நின்றவர்கள் உள்ளே விரைந்தார்கள். அதே வேளையில் கீழே, அடியிலிருந்து மூன்றாம் படியளவில், குழந்தையைக் கையில் ஏந்திவந்த ஒரு பெண் தடுக்கி விழுந்தார். அவர் மீது ஒரு முதியவர் விழுந்தார். அவர்கள் எழுவதற்குள் அடுத்தவர், அதற்கடுத்தவர்.

இருட்டு. மேலே இருப்பவருக்குக் கீழே என்ன நடக்கிறதென்று தெரியாது. முன்னே இருப்பவர் ஏன் நகரவில்லை என்பதும் தெரியாது. சங்கு ஒலித்த இரவில் தெருவில் நிற்பவர் உள்ளே வர முயல்வார், அதுதான் இயல்பு. நடுவில் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. கால் நிமிடத்துக்கும் அதிகமாகாத நேரத்தில் அந்தப் படிக்கிணறு நிரம்பிவிட்டது. சுமார் 300 பேர் சுவரிலிருந்து சுவர்வரை ஒருவர் மீது ஒருவராக இறுகிக் கிடந்தார்கள். கீழேயிருந்தும் இழுத்தெடுக்க முடியவில்லை, மேலேயிருந்தும் முடியவில்லை. கடைசி உடலை வெளியே எடுத்து முடித்தபோது நள்ளிரவு நெருங்கிவிட்டது. 173 பேர் மாண்டார்கள். ஆண்கள் 27, பெண்கள் 84, குழந்தைகள் 62. எல்லோரும் மூச்சுத் திணறி இறந்தவர்கள். முதலில் விழுந்த பெண் பிழைத்தார். அவருடைய குழந்தை பிழைக்கவில்லை.

அன்றிரவு அந்தப் பகுதியில் ஒரு குண்டும் விழவில்லை.

லண்டன் சுரங்க ரயில் அமைப்பின் வரலாற்றில் ஒரே நிகழ்வில் மிக அதிகமான உயிர்கள் போனது இங்குதான். அப்போது அது ரயில் நிலையமாகவே இல்லை என்பது வேறு.

அடுத்து நடந்ததைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். அரசு செய்தியை உடனே வெளியிடவில்லை. பின்னர் வெளியிட்டபோது இடத்தின் பெயரைச் சொல்லவில்லை. ஊர் முழுக்கத் தெரிந்த சாவை ஊரே பேசக்கூடாதென்றாயிற்று. உள்துறை அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன், நீதிபதி லாரன்ஸ் டன் என்பவரை விசாரணைக்கு நியமித்தார். மூடிய அறையில் மார்ச் 11இல் தொடங்கிய விசாரணையின் அறிக்கை அம்மாதம் 23ஆம் நாளிலேயே தயாராகிவிட்டது. எதிரிக்குத் தகவல் கொடுத்ததாகிவிடும் என்ற காரணத்தால் அது வெளியிடப்படவில்லை. 1945 ஜனவரியில்தான் வெளிவந்தது. ஆனால் படிக்கட்டின் நடுவில் கைப்பிடிகளும் படிகளின் விளிம்பில் வெள்ளைக் கோடுகளும் விபத்துக்குப்பின் உடனே வந்துவிட்டன. வாயால் ஒப்புக்கொள்ளாததைக் கைகள் ஒப்புக்கொண்டுவிட்டன என்றுதான் இதைப் படிக்க வேண்டும்.

டன் அறிக்கையை வெறும் மூடிமறைப்பு என்று தள்ளுவது நியாயமாகாது. இந்தக் கோரத்துக்கு யூதர்கள் காரணம், பாசிஸ்டுகள் காரணம் என்று ஊரில் பரவிய வதந்திகளை அவர் ஆராய்ந்து, அடிப்படையற்றவை என்று தெளிவாக நிராகரித்தார். அன்றைய சூழலில் அது சிறிய பணியன்று. வெளிச்சக் குறைவையும் கைப்பிடி இன்மையையும் அவர் கண்டார், பதிவும் செய்தார். ஆனால் காரணங்களை வரிசைப்படுத்தும்போது முதன்மையான, உடனடியான காரணமாக அவர் வைத்தது, அந்த இடத்தில் அந்த நேரத்தில் மக்கள் சிலர் தன்னடக்கத்தை இழந்ததை. படிக்கட்டு துணைக் காரணமாகிவிட்டது. மக்களின் மனம் தலைமைக் காரணமாகிவிட்டது.

அறிக்கை பூட்டிக் கிடந்த காலத்திலேயே, கணவனையும் மகளையும் அந்தப் படிகளில் இழந்த ஒரு பெண் நகராட்சி மீது வழக்குத் தொடுத்தார். 1944இல் தீர்ப்பளித்த நீதிபதி சிங்கிள்டன், நகராட்சி கவனக்குறைவாக நடந்துகொண்டது என்றார். மக்கள் முண்டியடித்து ஓடிவந்தார்கள் என்ற வாதத்தை அவர் ஏற்கவில்லை. மேல்முறையீட்டு நீதிமன்றமும் தீர்ப்பை உறுதிசெய்தது. ஒரே இரவு, ஒரே சாட்சிகள், இரண்டு வாக்கியங்கள். ஒன்றில் மக்கள் தன்னடக்கம் இழந்ததால் இறந்தார்கள். மற்றொன்றில் படிக்கட்டைப் பராமரித்தவர்களின் கவனக்குறைவால் இறந்தார்கள். ஆனால் அறிக்கைக்குத்தான் அரசின் முத்திரை இருந்தது. 'பீதி' என்ற சொல் பல்லாண்டுகள் பெத்னல் கிரீனின் பெயரோடு ஒட்டிக்கொண்டது. உயிர்பிழைத்தவர்கள் பலர் தம் பிள்ளைகளிடம்கூட இதைப் பேசாமல் முதுமையடைந்தார்கள். பேசினால் 'நீங்களும் தள்ளினீர்களா?' என்ற கேள்வி வரும். குண்டில் செத்தவன் தியாகி. பீதியில் செத்தவன் யார்?

இங்கே என் தொழில் சார்ந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். மாணவர்களுக்கு எழுவாய், பயனிலை, செயப்படுபொருள் என்று கற்பிக்கிறோம். தேர்வு முடிந்ததும் அவர்கள் மறந்துவிடுகிறார்கள், நாமும் மறந்துவிடுகிறோம். ஆனால் ஒரு துயரத்தைச் சொல்லும் வாக்கியத்தில் எழுவாய் யார் என்பது இலக்கணக் கேள்வி மட்டும் இல்லை. 'நெரிசலில் சிக்கி இத்தனை பேர் பலி' என்று நம் நாளிதழ்கள் வழக்கமாக எழுதுகின்றன. இந்த வாக்கியத்தில் இறந்தவர்கள் தாமே போய்ச் சிக்கிக்கொள்கிறார்கள். நெரிசல் மழையைப் போல, வெயிலைப் போல எங்கிருந்தோ வருகிறது. வாயிலின் அகலம், விளக்கின் ஒளி, பூட்டப்பட்ட கதவு, நிராகரிக்கப்பட்ட விண்ணப்பம் ஆகியவை வாக்கியத்துக்கு வெளியே நின்றுவிடுகின்றன. 'பீதி' என்ற சொல் இதைவிடத் திறமையானது. அது இறந்தவர்களையே எழுவாயாக்கிவிடுகிறது. சாகடித்தவர் இல்லாமற்போய், செத்தவரே செய்தவராகிவிடுகிறார்.

இது பெத்னல் கிரீனோடு முடிந்த கதையும் இல்லை. அதே நாட்டில் 1989 ஏப்ரல் 15இல் ஷெஃபீல்டின் ஹில்ஸ்பரோ கால்பந்து மைதானத்தில் கூட்டம் நசுங்கியது. இறந்தோர் தொகை 97. முதல் நாளிலிருந்தே பழி ரசிகர்கள் மீது விழுந்தது. ரசிகர்களின் நடத்தை காரணமில்லை என்றும், இறந்தவர்கள் சட்டவிரோதமாகக் கொல்லப்பட்டார்கள் என்றும் ஒரு நடுவர் குழு சொல்வதற்கு 2016 வரை, 27 ஆண்டுகள், காத்திருக்க வேண்டியிருந்தது. நம் நாட்டில் 2017 செப்டம்பர் 29இல் மும்பையின் எல்ஃபின்ஸ்டன் ரோடு ரயில் நிலைய நடைபாலப் படிக்கட்டில் 23 பேர் மாண்டதை நண்பர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அங்கும் மழை, அங்கும் ஒரு குறுகிய படி. பூ விழுந்துவிட்டது என்று யாரோ இந்தியில் சொன்னதைப் பாலம் விழுந்துவிட்டது என்று பிறர் கேட்டதால் வந்த பீதி என்று அப்போது ஒரு செய்தி உலவியது. பூவுக்கும் பாலத்துக்கும் அம்மொழியில் ஓரெழுத்துத்தான் வேறுபாடு. மொழி படித்தவனாகிய எனக்கு அந்தக் கதை கவர்ச்சியாகத்தான் இருந்தது. ஆனால் ஓரெழுத்துப் பிழையைக்கூடத் தாங்க முடியாத அளவுக்கு ஏன் ஒரு படிக்கட்டு நிரம்பியிருந்தது என்ற கேள்வியை அந்தக் கவர்ச்சி மறைத்துவிடுகிறது. மறு ஆண்டு பிப்ரவரியில், ராணுவத்தைக் கொண்டு அங்கே புதிய நடைபாலம் கட்டித் திறந்தார்கள். மீண்டும் கைகள் ஒப்புக்கொண்டன.

கூட்டத்துக்கு என்று ஒரு பௌதிகம் உண்டு. ஒரு சதுர மீட்டரில் ஆறேழு பேருக்கு மேல் நெருங்கும்போது தனிமனிதரின் விருப்பத்துக்கு அங்கே இடமில்லாமற்போகிறது. உடல்கள் நீரைப் போல அலையெடுக்கின்றன. பின்னால் ஒருவர் ஓரடி வைப்பது முன்னால் பல மடங்கு அழுத்தமாய்ச் சேர்கிறது. எவரும் யாரையும் தள்ளாமலே மார்பு விரிய இடமின்றி மூச்சு நிற்கிறது. அஞ்சி ஓடுவதால் நசுங்குவதில்லை. நசுங்கத் தொடங்கியபின்தான் அஞ்சுகிறார்கள். பெத்னல் கிரீனில் ராக்கெட் ஒலிக்கு முன்பு பத்து நிமிடங்களில் 1,500 பேர் ஒழுங்காக இறங்கியதை நினைவில் வைக்கச் சொன்னேன். பீதியடைந்த கூட்டத்தின் இயல்பா அது?

மாற்றுக் கருத்து ஒன்றுக்கும் பதில் சொல்ல வேண்டும். போர்க்காலத்தில் எல்லாவற்றையும் வெளிப்படையாகப் பேச முடியுமா என்று கேட்கலாம். ஒரு சங்கொலியிலேயே 173 பேரைக் கொல்லலாம் என்று எதிரி அறிந்தால் என்னாகும்? நியாயமான கேள்வி. சில மாதங்கள் காத்திருப்பதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் காத்திருத்தல் வேறு, காத்திருந்த காலத்தில் பழியை இடம் மாற்றுதல் வேறு. ரகசியம் எதிரியை மட்டும் இருட்டில் வைக்கவில்லை. நகராட்சி எழுதிய கடிதங்களும், அவை நிராகரிக்கப்பட்ட கதையும் மக்களின் கண்ணுக்கு எட்டாமலிருந்தன. தன் குழந்தையை இழந்த தாய், தான் சற்று மெதுவாக நடந்திருக்கலாமோ என்று எண்ணியெண்ணி மாய்ந்தாள். 88 பவுண்டைப் பற்றி அவளுக்கு யாரும் சொல்லவில்லை.

இவ்வளவு கண்டிப்பாக எழுதுவதற்கு எனக்குத் தகுதி உண்டா என்ற கேள்வியிலிருந்து தப்ப இயலாது. ஆகவே இதையும் எழுதிவிடுகிறேன். சில ஆண்டுகளுக்கு முன்பு நான் பணியாற்றிய ஒரு கல்லூரியில் கலைவிழா நடந்தது. அரங்குக்கு இரண்டு கதவுகள். கட்டணமின்றி யாரும் நுழைந்துவிடக் கூடாதென்று ஒன்றைப் பூட்டியிருந்தோம். நிகழ்ச்சி முடிந்து வெளியேறும்போது மற்றக் கதவருகே உள்ள ஐந்து படிகளில் மாணவர்கள் விழுந்தார்கள். உயிர்ச் சேதம் இல்லை. முதலாண்டு மாணவி ஒருத்திக்குக் கை எலும்பு முறிந்தது. இன்னும் சிலருக்குக் காயம். மூவர் குழு விசாரித்தது. தமிழாசிரியன் என்பதால் அறிக்கையை எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. 'மாணவர்கள் கட்டுப்பாடின்றி ஒரே நேரத்தில் முண்டியடித்து வெளியேற முயன்றதே இந்நிகழ்வுக்குக் காரணம்' என்று எழுதினேன். நல்ல தமிழ். பிழையற்ற வாக்கியம். பூட்டிய கதவு இரண்டாம் பக்கத்தில், 'எதிர்காலத்தில் கவனத்தில் கொள்ளத்தக்கவை' என்ற தலைப்பின் கீழ் நான்காவதாக வந்தது. யாரும் என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. சாவி எங்களில் ஒருவரிடம் இருந்தது என்பதை மட்டும் எல்லோரும் அறிந்திருந்தோம். அந்த மாணவி கட்டுப்போட்ட கையோடு வந்து, 'ஐயா, நான் ஓடவே இல்லையே' என்றாள். கவனமாக இருக்க வேண்டும் அம்மா என்று அறிவுரை சொல்லி அனுப்பினேன்.

டன் அறிக்கையைப் பற்றி முதன்முறை படித்தபோது எனக்கு நினைவு வந்தது அந்த முகம். லாரன்ஸ் டன் கெட்டவராக இருந்திருக்க மாட்டார் என்று நான் உறுதியாக நம்புவதற்கும் அதுவே காரணம். பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை. உண்மைகளை வரிசை மாற்றி வைத்தால் போதும்.

போர் முடிந்தபின் வேலை மீண்டும் தொடங்கி, 1946 டிசம்பர் 4இல் பெத்னல் கிரீன் உண்மையிலேயே ரயில் நிலையமாகத் திறக்கப்பட்டது. நடைமேடைச் சுவர்களில் வெளிர்மஞ்சள் ஓடுகள். அவற்றினிடையே ஹரோல்ட் ஸ்டேப்லர் வடிவமைத்த புடைப்பு ஓடுகள் ஆங்காங்கே பதிந்திருக்கின்றன. லண்டனையும் சுற்றியுள்ள வட்டாரங்களையும் குறிக்கும் சின்னங்கள். கைவேலையில் அத்தனை நுட்பம். வண்டிக்காகக் காத்திருந்தவர்களில் ஒருவரும் அவற்றைப் பார்க்கவில்லை. 173 பேர் இறந்த இடத்தில் ஒரு சிறு நினைவுப் பலகை பதிவதற்கு 1993 வரை, 50 ஆண்டுகள், ஆயிற்று. பின்னர் உயிர்பிழைத்தவர்களும் உறவினர்களும் சேர்ந்து நிதி திரட்டினார்கள். வாயிலை ஒட்டிய பூங்காவின் மூலையில் 2017 டிசம்பரில் நினைவுச்சின்னம் எழுந்தது. கட்டடக் கலைஞர் ஹாரி பாட்டிகாஸ் வடிவமைத்தது. அந்தப் படிக்கட்டையே அதே அளவில் தேக்கு மரத்தில் செய்து தலைகீழாக உயரத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். அதில் 173 துளைகள். வெயில் இருக்கும் நாளில் அவற்றின் வழியே ஒளி விழுகிறது. பக்கங்களில் பெயர்கள் செதுக்கப்பட்டுள்ளன. ஒரே குடும்பப் பெயர் அடுத்தடுத்து வருவதைப் படிக்கும்போது தொண்டை அடைக்கிறது.

நாவல்களும் வந்துள்ளன. ஜெசிகா பிரான்சிஸ் கேன் 2010இல் எழுதிய 'தி ரிப்போர்ட்' அந்த அறிக்கையையே மையமாக வைத்தது. மில்லி பாபி பிரவுன் பெயரில் 2023இல் வந்த 'நைன்டீன் ஸ்டெப்ஸ்' படிகளின் எண்ணிக்கையைத் தலைப்பாக்கிக்கொண்டது. இலக்கியம் தாமதமாகத்தான் வருகிறது, ஆனால் வந்துவிடுகிறது. எனினும் அந்த நினைவுச்சின்னம் எனக்கு அவற்றைவிடச் சரியான வாக்கியமாகத் தோன்றியது. இறந்தவர்களுக்கு நினைவுச்சின்னம் வைப்பவர்கள் தேவதையையோ அணையா விளக்கையோ வைக்கலாம். இவர்கள் படிக்கட்டை வைத்தார்கள். எழுவாய் எதுவோ அதைத் தூக்கி எல்லோர் கண்ணிலும் படும்படி நிறுத்திவிட்டார்கள்.

நான் போன மாலை வேலை முடிந்து திரும்புவோர் கூட்டம் அதிகம். நானும் அவர்களோடு இறங்கினேன். எண்ணினேன். 19 படிகள்தாம். நடுவிலே கைப்பிடி இருக்கிறது. எனக்கு முன்னே ஒரு வங்காளத் தாய் ஒரு கையில் குழந்தையும் மறுகையில் காய்கறிப் பையுமாக இறங்கிக்கொண்டிருந்தார். பாதியில் குழந்தையைத் தோளுக்கு மாற்றிக்கொண்டு, பையைப் பிடித்த கையாலேயே அந்தக் கம்பியையும் பற்றிக்கொண்டார். பின்னால் வந்த நாங்கள் அனைவரும் நின்றோம். யாரும் தள்ளவில்லை. அவர் இறங்கி முடித்தபின் மெல்ல நகர்ந்தோம்.

ஊர் திரும்பியபின் பழைய கோப்பைத் தேடி அந்த அறிக்கையின் படியை எடுத்தேன். அதைத் திருத்தி அனுப்புவதால் இப்போது பயன் ஏதுமில்லை. அந்த மாணவி படிப்பை முடித்துப் போய்ப் பல ஆண்டுகளாகின்றன. ஆயினும் முதல் வாக்கியத்தை அடித்துவிட்டு வேறொன்று எழுதினேன். 'அரங்கின் இரு கதவுகளில் ஒன்றை நாங்கள் பூட்டி வைத்திருந்தோம்.' அடுத்த வாக்கியங்கள் தாமாகவே வந்தன.